அருகமை அரசுத் தொடக்கப் பள்ளி: பெற்றோர் அதை நாடும் காரணங்களும் அதைப் பார்த்தறியும் முறையும்

தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டிய குடும்பத்தின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, தெருக்கோடியிலோ ஊர்க்குளத்தின் கரையிலோ இருக்கும் ஊராட்சி ஒன்றிய, நகராட்சி அல்லது மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. மற்றொன்று, காலையில் வாசலுக்கே வேன் அனுப்பும் தனியார் நர்சரி பிரைமரி அல்லது மெட்ரிக் பள்ளி. முதல் வழியில் போகிறவர்கள் வசதியில்லாமல் போகிறார்கள் என்றும் இரண்டாவது வழியில் போகிறவர்கள் விரும்பிப் போகிறார்கள் என்றும் ஊரில் பேச்சு நிலவுவதால், கட்டணம் கட்ட இயன்றும் அரசுப் பள்ளியை ஆராய்ந்து ஏற்கும் குடும்பங்களின் காரணங்கள் பேச்சுக்கே வராமல் போகின்றன. அந்தக் காரணங்களைத் தொகுத்துப் பார்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை தூரம் என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்திருப்பது புலப்படும். பள்ளி நடந்து போகும் தொலைவில் இருப்பதால்தான் குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டு நேரமும் மிஞ்சுகின்றன. அதே தொலைவுதான் பெற்றோரின் கண்ணும் குரலும் வகுப்பறை வரை எட்டுவதற்கும் வழி செய்கிறது.

கருத்தும் சட்டமும்

அருகமைப் பள்ளி என்பது, ஒரு பகுதியில் வாழும் எல்லாக் குழந்தைகளும் சாதி, மதம், வருமானம் ஆகிய வேறுபாடுகளின்றி அப்பகுதியில் உள்ள பொதுப் பள்ளியில் ஒன்றாகப் படிப்பதைக் குறிக்கும். தௌலத் சிங் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழு இதை நாட்டின் கல்விக் கொள்கையாகவே பரிந்துரைத்தது. வசதியுள்ளவர் பிள்ளைகளும் அங்கேயே படித்தால் பள்ளியின் தரத்தைக் காக்கும் பொறுப்பு ஊரில் செல்வாக்குள்ளவர்களுக்கும் வந்து சேரும் என்பது அக்குழுவின் வாதம். பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்றாலும், 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் அதன் ஒரு பகுதி இடம்பெற்றது. அச்சட்டத்தின் கீழ் தமிழ்நாடு 2011இல் வகுத்த விதிகள், முதல் ஐந்து வகுப்புகளுக்கான பள்ளி குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கான பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. இந்த எல்லை அரசுக்கு விதிக்கப்பட்ட கடமையே. பெற்றோர் அந்த ஒரு பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.

சட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே தமிழகத்தில் பள்ளியும் ஊரும் பிணைந்திருந்தன. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் குடிநீர்ப் பானையும் தம் பள்ளிகளுக்கு நன்கொடையாக வழங்கினர். இன்றும் பல ஊர்களில் பள்ளி நிற்கும் மனை யார் கொடுத்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கிறது. தாத்தா படித்த பள்ளியில் பேரனைச் சேர்ப்பதைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடலாகாது. தன் ஊரார் கட்டிய பள்ளி என்ற உரிமையுணர்வு உள்ள இடத்தில்தான் கூரை ஒழுகும்போது கேள்வி கேட்க ஆள் இருக்கும்.

கேள்வியை யாரிடம் கேட்பது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியர், வகுப்பு, கற்பித்தல் தொடர்பானவை வட்டாரக் கல்வி அலுவலரின் பொறுப்பில் வருகின்றன. கட்டடம், சுற்றுச்சுவர், கழிப்பறை போன்றவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாதலால் வட்டார வளர்ச்சி அலுவலரை அணுக வேண்டும். குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஊராட்சி மன்றமே நெருக்கமானது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளை மாநகராட்சியின் கல்வித் துறை நடத்துகிறது. இப்பிரிவினை தெரியாமல் எல்லாக் குறையையும் தலைமை ஆசிரியரிடம் கொட்டுவதால் அவருக்குச் சங்கடமும் பெற்றோருக்குச் சலிப்பும் சேர்வதைத் தவிர வேறு பயன் விளைவதில்லை.

தூரமும் குழந்தையின் நாளும்

வேனில் காலையில் முதலில் ஏறும் குழந்தைக்கும் மாலையில் கடைசியாக இறங்கும் குழந்தைக்கும் பயணம் நீள்கிறது. இரண்டிலும் ஐந்து வயதுக் குழந்தையின் நாளிலிருந்து கணிசமான நேரம் இருக்கையில் கரைந்துவிடுகிறது. அந்த நேரம் தூக்கத்திலிருந்தோ காலை உணவிலிருந்தோ மாலை விளையாட்டிலிருந்தோ எடுக்கப்படுவதாகும். நடந்து போகும் பள்ளியில் படிக்கும் குழந்தை வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி, வகுப்பில் உடன் அமர்ந்த அதே பிள்ளைகளோடு தெருவில் விளையாடுகிறது. வகுப்பு நட்பும் தெரு நட்பும் ஒன்றாக இருப்பதன் மதிப்பு, விடுமுறையில் விளையாடத் துணையின்றிக் கைப்பேசியோடு முடங்கும் பிள்ளைகளைப் பார்க்கும் பெற்றோருக்குச் சொல்லாமலே விளங்கும்.

காய்ச்சல் கண்டால் தாயோ பாட்டியோ சில நிமிடங்களில் போய் அழைத்துவர முடிகிறது. மழை பிடித்தால் குடையோடு வாயிலில் நிற்க முடிகிறது. கூலி வேலைக்கோ ஆலைப் பணிக்கோ போகும் தாய்மார் அண்டைவீட்டாரை நம்பி, "என் பிள்ளையையும் கூட்டிட்டு வந்துருங்கக்கா" என்று சொல்லிச் செல்ல முடிவதும் பள்ளி அருகில் இருப்பதால்தான். கல்வித் தரத்தை அளக்கும் எந்தப் பட்டியலிலும் இவை இடம்பெறுவதில்லை என்றாலும், குடும்பம் ஆண்டு முழுவதும் இவற்றோடுதான் வாழ்கிறது.

உணவு

தமிழகத்தில் பள்ளி உணவுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. நீதிக்கட்சிக் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சி அதை மாநிலத் திட்டமாக்கியது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அண்மைய மாற்றம் காலை உணவாகும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

நடைமுறையில் இது எப்படி நிகழ்கிறது என்பதைக் காலையில் பள்ளிக்குள் நுழைந்தால் காணலாம். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் தாய்மார், விடிந்ததும் வந்து அடுப்பு மூட்டுகிறார்கள். உப்புமா வகை, கிச்சடி வகை, பொங்கல், காய்கறிச் சாம்பார் என நாள் முறை வைத்துச் சமைக்கப்படுகிறது. முதல் மணி அடிப்பதற்குள் குழந்தைகள் வரிசையாகத் தட்டோடு அமர்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். மதியம் சத்துணவுக் கூடத்தில் கலவைச் சோறும் முட்டையும் கிடைக்கின்றன. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம் தரப்படுகிறது.

பசித்த குழந்தைக்கு இது என்ன செய்கிறது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. வீட்டில் உணவுக்குக் குறைவில்லாத குடும்பங்களும் இதை விரும்புவதற்கு வேறு காரணம் உண்டு. அதிகாலையில் சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளை, மற்ற பிள்ளைகளோடு ஒரே பந்தியில் அமரும்போது முகம் சுளிக்காமல் சாப்பிடப் பழகுகிறது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை நேரத்துப் பரபரப்பு பாதியாகக் குறைகிறது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டையும் சாதி நோக்கில் பார்த்து, சமைப்பவர் யார் என்பதைக் காட்டிப் பிள்ளையைச் சாப்பிட விடாமல் தடுத்த பெற்றோரும் சில ஊர்களில் இருந்தனர் என்பது வேதனைக்குரிய உண்மை. பந்தியிலிருந்து எழுப்பப்படும் குழந்தை அன்றைக்குக் கற்கும் பாடம் எந்தப் பாடநூலிலும் இல்லாதது, இருக்கவும் கூடாதது.

வகுப்பறையில் நடப்பது

சிறிய ஊர்களின் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஈராசிரியர் பள்ளிகளாகும். அதாவது ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் விதிக்கும் குறைந்த அளவும் இதுவே. 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர் என எண்ணிக்கை ஏறும். ஒரே அறையில் மூன்று வகுப்புக் குழந்தைகள் அமர்ந்திருப்பதைப் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு என்னத்தச் சொல்லிக்குடுப்பாங்க?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அக்கேள்விக்குத் தமிழகப் பள்ளிக்கல்வி இருமுறை முனைந்து விடை தேடியிருக்கிறது.

முதல் விடை செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய இம்முறை, ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டைகளையும் கற்றல் ஏணியையும் அடிப்படையாகக் கொண்டது. பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அட்டை அட்டையாக ஏறிச் செல்லும். பழைய வகுப்பறைகளின் சுவரில் தரையை ஒட்டி, குழந்தையின் தோள் உயரத்தில், பட்டையாகக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருப்பதை இன்றும் பல பள்ளிகளில் காணலாம். கீழ்மட்டக் கரும்பலகை எனப்படும் அது ஆசிரியருக்கானதன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த தாள்கள் தொங்கும்.

இரண்டாவது விடை, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் இயக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்து, எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் கற்கச் செய்வது அதன் நோக்கம். ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புக் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளாகக் குழுவாக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் குழந்தை அரும்புக் குழுவில் அமர்ந்து, வெட்கமில்லாமல் முதல் படியிலிருந்து தொடங்க முடியும் என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. ஆசிரியர் பாட்டோடும் கதையோடும் எல்லாக் குழுவுக்கும் பொதுவாகத் தொடங்கி, பின்னர் ஒவ்வொரு குழுவுக்கும் உரிய பயிற்சி நூல் பக்கத்தைக் கொடுத்துவிட்டு, தேவைப்படும் குழுவின் நடுவில் போய்ப் பாயில் அமர்கிறார். பல நிலைக் குழந்தைகள் ஓரறையில் இருப்பது திறமையான ஆசிரியரிடம் குறையாகத் தெரிவதில்லை. ஆர்வமற்ற ஆசிரியரிடம் அது பெருங்குறையாகவே முடிகிறது. திட்டம் ஒன்றாக இருந்தாலும் பள்ளிக்குப் பள்ளி பலன் வேறுபடுவதை மறைப்பதில் பயனில்லை. அதனால்தான் அரசுப் பள்ளி நல்லதா, தனியார் பள்ளி நல்லதா என்ற பொதுக் கேள்வியை விட்டுவிட்டு, அருகில் இருக்கும் இந்தப் பள்ளி எப்படி இருக்கிறது என்று கேட்பதே பெற்றோருக்கு உதவும்.

ஆங்கிலம் என்ற கவலை

தனியார் பள்ளியை நோக்கிக் குடும்பங்களை இழுக்கும் ஆற்றல் மிக்க காரணம் ஆங்கிலமே என்பதில் ஐயமில்லை. ஐந்து வயதுக் குழந்தை ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கக் கேட்கும் தந்தைக்கு உண்டாகும் நிறைவு உண்மையானது. தான் பெறாததைப் பிள்ளை பெறட்டும் என்ற ஏக்கமும் மதிக்கத்தக்கது. ஆயினும் ஒப்பிப்பதும் புரிந்து படிப்பதும் வெவ்வேறு திறன்கள். வீட்டில் பேசும் மொழியில் முதலில் வாசிக்கக் கற்ற குழந்தை, தெரிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காண்கிறது. தெரியாத மொழியில் தொடங்கும் குழந்தை எழுத்தையும் சொல்லையும் பொருளையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. பயிற்றுமொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் கூறுவதும் இதனால்தான். அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக உண்டு என்பதும் பல பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிருக்கிறது.

2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் தொடங்கப்பட்டன. அவை உள்ள பள்ளியைக் கருதும் பெற்றோர், இரு வழிகளுக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறார்களா, அல்லது அதே ஆசிரியர் அதே அறையில் இரண்டையும் நடத்துகிறாரா என்று கேட்டறிய வேண்டும். பின்னது உண்மையாக இருந்தால் ஆங்கில வழி என்பது பெரும்பாலும் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். அத்தகைய பள்ளியில் தமிழ் வழியே குழந்தைக்கு நல்லது.

மொழித் தேர்வுக்கு நெடுநாளைய விளைவு ஒன்றும் உண்டு. தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காட்டு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2020இல் திருத்தப்பட்டது. இப்போது அந்த முன்னுரிமையைக் கோருவோரிடம் முதல் வகுப்பு முதலே தமிழ் வழியில் படித்ததற்கான சான்று கேட்கப்படுகிறது. ஆக, ஐந்து வயதில் எடுக்கும் முடிவு இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு சான்றிதழின் வடிவில் திரும்பி வரும். இதற்கு மாறாக, மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள, அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதலான படிப்பே கணக்கில் கொள்ளப்படுகிறது. ஐந்தாம் வகுப்பு வரை தனியாரில் படித்தால் இச்சலுகைகள் போய்விடும் என்ற தவறான செய்தி ஊர்களில் உலவுகிறது. அந்த அச்சத்தால் யாரும் தொடக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

பணத்தின் கணக்கு

அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணம் இல்லை. பாடநூல், குறிப்பேடு, புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில் ஆகியவை விலையின்றி வழங்கப்படுகின்றன. சத்துணவு உண்ணும் குழந்தைகளுக்குச் சீருடையும் உண்டு. தனியார் பள்ளியோடு ஒப்பிடுவோர் கல்விக் கட்டணத்தை மட்டும் எதிர்ப்புறத்தில் வைத்துப் பார்ப்பதே வழக்கம். வேன் கட்டணம், புத்தகக் கட்டு, இரண்டு மூன்று வகைச் சீருடை, ஆண்டு விழாச் செலவு, வீட்டில் யாராலும் ஆங்கிலப் பாடத்தைச் சொல்லித்தர இயலாததால் வைக்கும் டியூஷன் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மிஞ்சும் பணத்தைக் கதைப்புத்தகத்துக்கும் சத்தான தின்பண்டத்துக்கும் மேல்நிலைக் கல்விக்கான சேமிப்புக்கும் திருப்பிய குடும்பங்கள், தாம் செலவைக் குறைக்கவில்லை, செலவிடும் காலத்தை மாற்றியிருக்கிறோம் என்கின்றன. நகைக்கடன் வாங்கி முதல் வகுப்புக்குக் கட்டிவிட்டு, பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போது கையிருப்பு இல்லாமல் நிற்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கனம் புரியும்.

பெற்றோரின் குரல்

தனியார் பள்ளியில் பெற்றோரின் வலிமை, கட்டணத்தோடு வெளியேறிவிட முடியும் என்பதில் இருக்கிறது. அரசுப் பள்ளியிலோ சட்டமே பெற்றோருக்கு நிர்வாகத்தில் இடம் அளித்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழு எனப்படும் அமைப்பில் நான்கில் மூன்று பங்கினர் அங்கே படிக்கும் குழந்தைகளின் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழகத்தில் 2022இல் இக்குழுக்கள் பெற்றோரைத் திரட்டிப் புதிதாக அமைக்கப்பட்டன. 2024இல் முன்னாள் மாணவர்களும் உறுப்பினராயினர். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், அரசு தரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், ஆசிரியர் வருகையையும் உணவின் தரத்தையும் கவனிப்பதும் குழுவின் பணிகள்.

இக்குழு எல்லாப் பள்ளிகளிலும் உயிரோடு இயங்குவதாகச் சொல்ல இயலாது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் பள்ளிகளும் உள்ளன. ஆனால் நான்கைந்து தாய்மார் மாதந்தோறும் தவறாமல் வந்து அமர்ந்தாலே நிலை மாறத் தொடங்குகிறது. உடைந்த கழிப்பறைக் கதவு பற்றிய தீர்மானத்தை நாளும் கையெழுத்தும் இட்டு எழுதி, ஒரு படியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பி, அடுத்த கிராம சபையில் அதையே எழுப்பினால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது அலுவலகத்துக்குக் கடினமாகிறது. கிராம சபை குடியரசு நாள், தொழிலாளர் நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கூடுகிறது. வேலையை விட்டுவிட்டுப் பத்துக் கிலோமீட்டர் போக வேண்டியிருந்தால் எந்தத் தாயும் மாதந்தோறும் கூட்டத்துக்கு வரமாட்டார். பள்ளி கூப்பிடு தூரத்தில் இருப்பதே இந்த உரிமையைக் காகிதத்திலிருந்து கூட்டத்துக்குக் கொண்டுவருகிறது.

ஊரின் குடியிருப்புகளே சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் இடங்களில் மிக அருகில் உள்ள பள்ளியும் பிரிந்தே இருக்கக்கூடும் என்பதையும் இங்கே கருத வேண்டும். ஊருக்கொரு பள்ளியும் காலனிக்கொரு பள்ளியுமாக இருக்கும் கிராமங்களில், அருகமை என்பதை வீட்டு வாசலிலிருந்து அளக்காமல் ஊர் முழுவதையும் ஒரே வட்டமாகக் கொண்டு அளந்து, எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் சரியானதையே செய்கிறார்கள். திருப்பூர், சென்னை போன்ற நகரங்களின் பள்ளிகளில் வடமாநிலத் தொழிலாளர் குழந்தைகளும் இன்று தமிழ் எழுத்துப் பழகுகிறார்கள். அவர்களோடு ஒரே பாயில் அமரும் பிள்ளைக்கு வேறு மொழியும் வேறு உணவும் அச்சமூட்டுவதில்லை.

பள்ளியைப் பார்த்துவரும் முறை

முடிவெடுக்கும் முன் பள்ளி நடக்கும் நாளில் ஒருமுறையாவது நேரில் செல்ல வேண்டும். கோடை விடுமுறையில் பூட்டிய கட்டடத்தைப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, முடிந்தால் காலை உணவு நேரத்திலேயே போய், முதல் வகுப்புகள் நடக்கும்வரை இருப்பது நல்லது. அனுமதி கேட்கும்போது கிடைக்கும் வரவேற்பே பள்ளியைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றிடம், பாடநூல் அல்லாத சிறுவர் கதைப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லி, அதில் என்ன நடந்தது என்று கேட்பது மிகச் சிறந்த சோதனையாகும். பாடநூலை மனப்பாடமாகச் சொல்லும் குழந்தையும் புதிய பத்தியில் தடுமாறலாம். தயங்கித் தயங்கிப் படித்தாலும் கதையைத் தன் சொல்லில் சொல்லும் குழந்தை உண்மையில் வாசிக்கக் கற்றிருக்கிறது. இதே சோதனையைத் தனியார் பள்ளியிலும் செய்து பார்த்து ஒப்பிடலாம். குறிப்பேடுகளைப் புரட்டும்போது அழகான கையெழுத்தைவிட, தவறு திருத்தப்பட்டு மறுபடி எழுதப்பட்டிருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உடல்தண்டனையும் மனத்தைப் புண்படுத்தும் தண்டனையும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை.

கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. கதவு, தாழ்ப்பாள், தண்ணீர் மூன்றும் இருந்தால்தான் பெண்குழந்தைகள் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டு இருக்க மாட்டார்கள். சமையற்கூடம் வகுப்பறையிலிருந்து பிரிந்து இருக்கிறதா, கூரை உறுதியானதா, வெளியேறும் வழி அகலமாக இருக்கிறதா என்பவற்றை, பள்ளி அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், ஒரே கண்டிப்போடு பார்க்க வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கொட்டகைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்ட பின்னும் இதில் அலட்சியம் காட்ட எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை.

ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார்கள் என்பதையும் கேட்டறிவது பயன்தரும். அரசு ஆசிரியர்கள் கலந்தாய்வு வழியே இடமாற்றம் பெறுவதால், ஒரே ஆசிரியரின் நற்பெயரை மட்டும் நம்பிச் சேர்த்த பெற்றோர் அடுத்த ஆண்டே ஏமாற்றம் அடையலாம். இருவரில் ஒருவர் நெடுவிடுப்பில் இருந்து மாற்று ஆசிரியர் வராத பள்ளி, நடைமுறையில் ஓராசிரியர் பள்ளியே. அந்நிலை நீடிக்கும் இடத்தில் குழந்தையைச் சேர்க்கத் தயங்குவது நியாயமானது. அப்போது அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ உள்ள அரசுப் பள்ளியையும், எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளியையும், அரசு உதவிபெறும் பள்ளியையும் பார்க்க வேண்டும். 2019 முதல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. அருகில் அத்தகைய பள்ளி இருந்தால் மூன்று வயதிலேயே குழந்தையை அந்த வளாகத்துக்குப் பழக்கிவிடலாம்.

சேர்க்கையும் மாற்றமும்

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் கேட்கப்படும் என்றாலும், வயதுச் சான்று இல்லை என்பதற்காகக் குழந்தையைத் திருப்பி அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வோ பெற்றோர் நேர்காணலோ கூடாது. கல்வியாண்டின் இடையில் குடிபெயர்ந்து வரும் குடும்பமும் குழந்தையைச் சேர்க்கலாம். தனியார் பள்ளியிலிருந்து மாற்ற விரும்புவோர், கட்டண பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழை அப்பள்ளி இழுத்தடித்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது. இப்படி மாறி வரும் குழந்தையின் மாணவர் எண் எமிஸ் என்னும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தில் பழைய பள்ளியின் கணக்கிலேயே இருக்கும். அதை விடுவித்து மாற்றித்தரும்படி தலைமை ஆசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் கேட்டு, கொடுத்த கடிதத்தின் படியில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.